வாசகர் கேள்வி – பதில்: தேயிலை, அரிசி, பதின்மூன்று காலனிகள்

வட அமெரிக்காவில் பிரிட்டனுக்குக் கீழிருந்த பதின்மூன்று காலனிகள் இனி நாங்கள் தனி என்று அறிவித்து 2026 ஜூலையோடு 250 ஆண்டு ஆகிறது. அதையொட்டிக் கேள்விகள் கேட்டிருந்தோம். டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். அரிசியும் ஆறும் நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே வந்திருக்கின்றன.

கேள்வி: தேயிலைச் சட்டத்தால் அமெரிக்காவில் தேயிலை விலை குறைந்தது என்று படித்தேன். விலை குறைந்ததற்காகவா பெட்டி பெட்டியாகக் கடலில் கொட்டினார்கள்? (வாசகர், கும்பகோணம்)

ஆமாம், விலை குறைந்தது. டிகிரி காபி ஊரிலிருந்து தேயிலைக் கணக்கு கேட்கிறீர்கள், கணக்கையே சொல்லிவிடுகிறோம்.

லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்குகளில் சுமார் 1 கோடியே 70 லட்சம் ராத்தல் (ஒரு ராத்தல் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) சீனத் தேயிலை விற்காமல் கிடந்தது. 1770 வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு கம்பெனியின் கடனும் ஏறிக்கொண்டிருந்தது. 1773-ல் பாராளுமன்றம் இரண்டு காரியம் செய்தது. கம்பெனிக்கு 14 லட்சம் பவுன் (தங்கப் பவுன் அல்ல, ஆங்கிலப் பணம்) கடன் கொடுத்து, ஒழுங்குமுறைச் சட்டம் என்ற கடிவாளத்தையும் மாட்டியது. போர், சமாதானம் பற்றிச் சென்னை கவர்னர் கல்கத்தாவைக் கேட்டு நடக்க வேண்டும் என்று ஆனது இதில்தான். இரண்டாவது, தேயிலைச் சட்டம். அதுவரை கம்பெனி லண்டனில் ஏலம் விடும், வியாபாரிகள் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். இனி கம்பெனியே நேராக அனுப்பலாம், இங்கிலாந்தில் கட்டிய தீர்வையும் திரும்பக் கிடைக்கும். மிச்சமிருந்தது அமெரிக்கத் துறைமுகத்தில் கட்ட வேண்டிய ராத்தலுக்கு 3 பென்ஸ் மட்டும்.

அந்த 3 பென்ஸ்தான் சிக்கல். அதிலிருந்து காலனி கவர்னர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுப்பது லண்டனின் திட்டம். அதுவரை அந்தச் சம்பளத்தை உள்ளூர்ச் சட்டசபை நிறைவேற்றித் தர வேண்டியிருந்ததால் கவர்னரின் குடுமி சபையின் கையில் இருந்தது. மலிவுத் தேயிலையை வாங்கிக் குடித்தால் அந்தப் பிடி தானே நழுவிவிடும். போதாததற்குக் கம்பெனி சரக்கை விற்கும் உரிமை பொறுக்கியெடுத்த சிலருக்கு மட்டும் போனது. மாசசூசெட்ஸ் காலனியின் துறைமுகமான பாஸ்டனில் அந்த ஏஜெண்டுகளில் கவர்னர் ஹட்சின்சனின் இரண்டு மகன்களும் இருந்தார்கள். டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களுக்கும் பிழைப்பு போகும் என்ற கவலை இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பாஸ்டனில் மட்டும் முற்றியதற்குக் காரணம் ஒரு சுங்க விதி. கப்பல் வந்த 20 நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்க அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். டார்ட்மத் கப்பல் வந்தது நவம்பர் 28-ல், கெடு டிசம்பர் 17-ல் முடிகிறது. சரக்கோடு திரும்பிப் போகக் கவர்னர் அனுமதிச் சீட்டு தரவில்லை. பறிமுதல் ஆனால் தேயிலை எப்படியும் சந்தைக்கு வந்துவிடும். அதனால் கெடுவுக்கு முந்தின இரவு, டிசம்பர் 16-ல், மூன்று கப்பல்களில் 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள். ஏறக்குறைய 42 டன், கம்பெனி கேட்ட நஷ்டம் 9,659 பவுன். அப்போது கடல் வற்றியிருந்த நேரம். தண்ணீர் ஆழமில்லாமல் தேயிலை குவியலாகப் பக்கத்திலேயே நின்றுவிட்டது, அதைத் தள்ளித் தள்ளிவிட வேண்டியிருந்தது. பிலடெல்பியாவில் கப்பலையே திருப்பி அனுப்பினார்கள். சார்ல்ஸ்டனில் தேயிலை பறிமுதலாகிக் கிடங்கில் கிடந்தது, பின்னால் புரட்சிக்காரர்களே அதை எடுத்து விற்றுச் செலவுக்கு வைத்துக்கொண்டார்கள்.

இதற்கு மூன்று மாதம் முன்பு, 1773 செப்டம்பரில், இதே கம்பெனியின் படைதான் ஆற்காட்டு நவாபுக்காகத் தஞ்சாவூர்க் கோட்டையைப் பிடித்து துளஜா மன்னரைச் சிறைவைத்தது.

கேள்வி: குடியேறியவர்களும் ஆங்கிலேயர்தானே? சொந்த ராஜாவோடு அவர்களுக்கு என்ன பகை? (வாசகி, மன்னார்குடி)

1765 வரை பகை இல்லை, பெருமைதான் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களை ஒழித்த ஏழாண்டுப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. நம் பக்கம் 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சாவூரை முற்றுகையிட்டதும் 1761-ல் புதுச்சேரி விழுந்ததும் அதே போரின் இன்னொரு முனை. ஜெயித்த பிரிட்டனின் கடன் சுமார் 7.5 கோடி பவுனிலிருந்து 13 கோடிக்கு மேல் போய்விட்டது. அமெரிக்காவில் சுமார் 10,000 சிப்பாய்களை நிறுத்தி வைக்கவும் பணம் வேண்டும். நீங்களும் கொஞ்சம் கொடுங்கள் என்றது லண்டன். கேட்டது பெரிய தொகை அல்ல. ஆனால் வர்ஜினியாவில் 1619 முதலே சட்டசபை உண்டு. நூறு வருஷத்துக்கு மேலாகத் தங்கள் வரியைத் தாங்களே போட்டுக்கொண்டு பழகியவர்கள் அவர்கள்.

முத்திரைத்தாள் நமக்குப் பழகிய சங்கதி. 1765-ல் அங்கே அதைத்தான் கொண்டுவந்தார்கள். பத்திரம், உரிமம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு, தாயக்கட்டை வரை எல்லாவற்றுக்கும் முத்திரை. வரியை ஆங்கிலப் பணத்திலேயே கட்ட வேண்டும், அந்தப் பணமோ காலனிகளில் எப்போதும் தட்டுப்பாடு. இதை முறித்த விதம் கவனிக்கத்தக்கது: சட்டத்தோடு மோதாமல், தாள் விற்க நியமிக்கப்பட்டவர்களை ஊர் ஊராக நெருக்கி ராஜினாமா செய்ய வைத்தார்கள். நவம்பர் 1-ல் சட்டம் அமலுக்கு வந்தபோது, ஜார்ஜியாவில் கொஞ்சநாள் நடந்த விற்பனை தவிர, வேறெங்கும் விற்க ஆள் இல்லை. 1766 மார்ச்சில் சட்டம் ரத்தானது. கூடவே, எந்த விஷயத்திலும் காலனிகளைக் கட்டுப்படுத்த எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டத்தையும் பாராளுமன்றம் போட்டுவைத்தது. அடுத்த பத்தாண்டுச் சண்டைக்கு அந்த ஒரு வாசகம் போதும்.

கேள்வி: அந்நியப் பொருள் புறக்கணிப்பு பல இடங்களில் பாதியில் படுத்துவிடும். அங்கே எப்படி நடத்தினார்கள்? முறையாகச் சொல்லுங்கள். (வாசகர், திருத்துறைப்பூண்டி)

அங்கேயும் முதல் தடவை படுத்தது. கண்ணாடி, ஈயம், வண்ணம், காகிதம், தேயிலை மீது 1767-ல் தீர்வை வந்ததும் துறைமுக வியாபாரிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். பாஸ்டனுக்கு ஒரு பட்டியல், நியூயார்க்குக்கு ஒன்று, பிலடெல்பியாவுக்கு வேறு. 1770-ல் தேயிலை தவிர மற்ற தீர்வைகள் நீங்கின. நியூயார்க் வியாபாரிகள் முதலில் கழன்றுகொண்டார்கள், அதோடு எல்லாம் சரிந்தது. பக்கத்துத் துறைமுகம் சரக்கு இறக்கும்போது தன் கடையை மட்டும் பூட்டிவைக்க எந்த வியாபாரி இசைவான்?

இரண்டாம் தடவை பாடம் கற்றிருந்தார்கள். தேயிலைக்குத் தண்டனையாக 1774 ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. செப்டம்பரில், ஜார்ஜியா நீங்கலாகப் பன்னிரண்டு காலனிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். அதுதான் முதல் கண்டக் காங்கிரஸ். அது அக்டோபரில் எழுதிய ஒப்பந்தத்தை ஊர்ப் பொறுப்பாளர்கள் படிக்க வேண்டும், அவ்வளவு நுணுக்கம்.

இறக்குமதி நிற்பது 1774 டிசம்பர் 1-ல். பயன்படுத்துவது நிற்பது 1775 மார்ச் 1-ல். ஏற்றுமதி நிற்பது அதே ஆண்டு செப்டம்பர் 10-ல். விளைச்சல் கையில் இருக்கிறது, கடனும் அடைக்க வேண்டும் என்ற விவசாயிக்கு ஒரு பருவம் அவகாசம் கொடுத்தால்தான் அவன் கையெழுத்துப் போடுவான். நடுவழியில் இருக்கும் சரக்குக்கும் விதி இருந்தது. டிசம்பர் 1-க்கும் பிப்ரவரி 1-க்கும் இடையில் வந்தால் சொந்தக்காரனுக்கு மூன்று வழி: திருப்பி அனுப்பு, அல்லது நஷ்டம் உன்னது என்று குழுவின் பொறுப்பில் கிடங்கில் போடு, அல்லது குழுவே விற்கட்டும், முதல் உனக்கு, லாபம் பாஸ்டன் ஏழைகளுக்கு. பிப்ரவரி 1-க்குப் பிறகு வந்தால் மூட்டையைப் பிரிக்காமலே திருப்ப வேண்டும்.

தட்டுப்பாட்டைச் சாக்காக வைத்து விலை ஏற்றக் கூடாது, கடந்த பன்னிரண்டு மாத விலையிலேயே விற்க வேண்டும். கம்பளித் துணி வராதென்பதால் ஆடுகளை அளவோடுதான் அறுக்கலாம். குதிரைப் பந்தயம், சேவல் சண்டை, நாடகம் வேண்டாம். துக்க வீட்டில் கையுறையும் துண்டும் வழங்கும் வழக்கத்தை நிறுத்தி, ஆண்கள் கையிலோ தொப்பியிலோ கறுப்பு நாடா கட்டினால் போதும் என்று சாவுச் செலவு வரை எழுதிவைத்தார்கள்.

இதையெல்லாம் பார்ப்பது யார்? ஒவ்வொரு ஊரிலும், கவுண்டி என்ற மாவட்டத்திலும் வாக்குரிமை உள்ளவர்கள் தேர்ந்தெடுத்த குழு. மீறியவனுக்குச் சிறையோ அபராதமோ இல்லை. பெயரைப் பத்திரிகையில் போடுவார்கள், ஊர் அவனோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிடும். நடைமுறையில் மிரட்டலும் தாரைப் பூசி இறகு ஒட்டும் அவமானமும் நடந்தன என்பது வேறு. பிரிட்டனிலிருந்து வந்த சரக்கு 1774-ல் சுமார் 26 லட்சம் பவுன், 1775-ல் 2 லட்சத்துக்கும் கீழே.

கவர்னர்கள் சட்டசபையைக் கலைத்தபோது ஊரை நடத்தியது இந்தக் குழுக்கள்தான். போரின் முதல் துப்பாக்கி வெடித்தது 1775 ஏப்ரல் 19-ல். அதற்குள் வரி, காவல், கணக்கு எல்லாம் பெரும்பாலும் கை மாறியிருந்தன. எங்கள் பார்வையில் பிரிவு நடந்தது இங்கேதான், பிரகடனம் அதற்குப் போட்ட கையெழுத்து.

கேள்வி: பாஸ்டனை வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தோடு ஒப்பிடலாமா? (வாசகர், வேதாரண்யம்)

வரியைச் சாக்கிட்டு ஆட்சியின் உரிமையைக் கேட்டது இரண்டுக்கும் பொது. அதற்கு மேல் ஒப்பு குறைவு. பாஸ்டனில் இரவில், முகத்தில் கரி பூசி, பூர்வகுடி வேஷம் போட்டுப் போனார்கள். பெயரைப் பல ஆண்டு வெளியே விடவில்லை. ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து, வழியும் நாளும் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார்கள். அங்கே அடுத்தவர் சரக்கு அழிந்தது, இங்கே உப்பு அள்ளப்பட்டது.

கேள்வி: அமெரிக்காவில் அப்போதே நெல் பெரிய ஏற்றுமதிப் பொருளாமே? கால்வாய்ப் பாசனமா? புறக்கணிப்பில் நெல் விவசாயிகள் என்ன செய்தார்கள்? (வாசகர், தலைஞாயிறு)

தெற்கு கரோலைனாவின் செல்வமே அரிசியும் அவுரியும்தான். நீங்கள் கடைமடைக்காரர் என்பதால் பாசனத்தை முதலில் சொல்கிறோம். உங்களுக்கு எதிரியான கடலேற்றம் அங்கே வேலையாள்.

கடல் ஏறும்போது ஆற்று முகத்தில் உப்புநீர் உள்ளே வரும். உப்புநீர் கனமானது, அடியில் தங்கும். மேலே இருக்கும் நன்னீரை அது முன்னுக்குத் தள்ளும். முகத்துவாரத்திலிருந்து சில காத தூரம் உள்ளே போனால், உப்பு எட்டாமல் நன்னீர் மட்டம் மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும் ஒரு பகுதி கிடைக்கும். அங்கே சதுப்பை வெட்டி, கரை கட்டி வயலாக்கினார்கள். கரைக்கடியில் நீண்ட மரப்பெட்டி மதகு. இரண்டு முனையிலும் மேலே தொங்கும் கதவு. தண்ணீர் பாய்ச்ச வேண்டுமானால் ஆற்றுப்பக்கக் கதவைத் தூக்கிக் கட்டுவார்கள். ஏற்றத்தில் வரும் நீர் வயல்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும், இறங்கும்போது வயல் நீரின் அழுத்தமே அந்தக் கதவை மூடிவிடும். வடிக்க வேண்டுமானால் இதையே மாற்றிச் செய்தால் போதும். இறைக்க ஆளும் வேண்டாம் மாடும் வேண்டாம்.

விதைத்ததும் முளைக்க ஒரு பாய்ச்சல், பிறகு வடிப்பு. களையை மூழ்கடிக்கச் சுமார் மூன்று வாரம் நீண்ட பாய்ச்சல். நடுவில் காயவிட்டுக் களைகொத்து. கதிர் கனக்கும்போது சாயாமல் தாங்க மறுபடி நீர். கெடுவது இரண்டு வகை. மழை குறைந்து ஆற்றில் வரத்துக் குறைந்தால் உப்பு மேலே ஏறிவிடும், மதகைத் திறக்குமுன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்காதவன் பயிரை இழப்பான். புயல் வந்தால் கரை உடையும். இது நாகை மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டிய விஷயம் அல்ல.

உழைத்தவர்கள் அடிமைகள். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரையோரத்திலிருந்தும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். சதுப்பை வெட்டியதும், நெல்லை உரலில் குத்தி அரிசியாக்கியதும் அவர்கள் உடம்பு. தெற்கு கரோலைனாவில் 1790 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 43 பேர் அடிமைகள்.

புறக்கணிப்புக்கு வருவோம். ஏற்றுமதியை நிறுத்தினால் வடக்கத்தியர் பிழைத்துக்கொள்வார்கள், அவர்களது சரக்கு பெரும்பாலும் வேறு நாட்டுக்குப் போகிறது. எங்களுடையது பிரிட்டன் வழியாகத்தான் போகிறது என்றார்கள் தெற்கு கரோலைனாப் பிரதிநிதிகள். அரிசிக்கும் அவுரிக்கும் விலக்குக் கேட்டு, ஒருவர் நீங்கலாக எல்லோரும் வெளியே நடந்தார்கள். கடைசியில் அரிசிக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. அவுரிக்காரன் ஏமாந்தான், ஊருக்குள் பெரிய மனஸ்தாபம். ஒப்பந்தத்தின் பலவீனமான இடம் இதுதான்.

கேள்வி: சுதந்திர நாள் ஜூலை 4-ஆ, ஜூலை 2-ஆ? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், ஒவ்வொரு புத்தகமும் ஒன்று சொல்கிறது. (மாணவி, திருவாரூர்)

எல்லாம் சரி, வெவ்வேறு காரியங்களின் தேதி. ஜூன் 7, 1776: வர்ஜினியாவின் ரிச்சர்ட் ஹென்றி லீ பிரிவுத் தீர்மானம் கொண்டுவந்தார். வாசகத்தை எழுத ஜெபர்சன், ஆடம்ஸ், பிராங்க்ளின், ஷெர்மன், லிவிங்ஸ்டன் கொண்ட ஐவர் குழு. ஒரு காலனிக்கு ஒரு ஓட்டு. ஜூலை 1-ல் பரீட்சார்த்தமாக எண்ணியபோது ஒன்பதுதான் ஆதரவு; பென்சில்வேனியாவும் தெற்கு கரோலைனாவும் எதிர்ப்பு, டெலவேர் இரண்டாகப் பிளந்து நின்றது, நியூயார்க்குக்கு ஊரிலிருந்து உத்தரவே வரவில்லை. அன்றிரவு டெலவேரின் மூன்றாம் பிரதிநிதி சீசர் ராட்னி சுமார் 80 மைல் குதிரையில் வந்து சேர்ந்தார், பென்சில்வேனியாவில் எதிர்ப்பாளர் இருவர் சபைக்கு வராமல் ஒதுங்கிக்கொண்டார்கள், தெற்கு கரோலைனா மனம் மாறியது. ஜூலை 2: பன்னிரண்டுக்குப் பூஜ்யம். சட்டப்படி பிரிந்த நாள் இது. ஜூலை 4: பிரகடன வாசகத்தைத் திருத்தி ஏற்றார்கள், ஜான் டன்லப் அச்சகத்தில் அன்றிரவே அச்சானது. ஜூலை 9: நியூயார்க் சேர்ந்தது. ஆகஸ்ட் 2: பெரும்பாலோர் கையெழுத்திட்டார்கள், மொத்தம் 56 பேர். தேர்வில் கேட்டால் ஜூலை 4 என்றே எழுதுங்கள்.

ஏன் அறிவிக்க வேண்டும், சும்மா சண்டை போட்டால் என்ன என்பது அடுத்த கேள்வியாக வரும். கலகக்காரப் பிரஜைகளுக்கு எந்த நாடும் வெளிப்படையாக ஆயுதம் தராது. தனி நாடானால் உடன்படிக்கை செய்யலாம். 1777 அக்டோபரில் சாரடோகாவில் ஓர் ஆங்கிலப் படையே சரணடைந்தது. 1778 பிப்ரவரி 6-ல் பிரான்ஸ் கையெழுத்திட்டது.

கேள்வி: அந்தப் போர் நம் கரைக்கும் வந்தது என்கிறார்களே? (வாசகர், நாகப்பட்டினம்)

வந்தது, உங்கள் ஊர் கைமாறியதே அதனால்தான். வழியைப் பாருங்கள். சார்ல்ஸ்டனில் அரிசி, அடிமை வியாபாரத்தில் பணக்காரரான ஹென்றி லாரன்ஸ் 1780-ல் டச்சுக்காரர்களிடம் கடன் கேட்கக் கப்பலேறினார். நடுக்கடலில் ஆங்கிலக் கப்பல் மறித்தது. காகிதப் பையைக் கடலில் எறிந்தார், அது மூழ்குமுன் எடுத்துவிட்டார்கள். உள்ளே அமெரிக்க–டச்சு உடன்படிக்கையின் வரைவு. டச்சுக்காரர்கள் கரீபியத் தீவு வழியாக அமெரிக்கர்களுக்கு வெடிமருந்து விற்பதில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த பிரிட்டன், இதையும் காட்டி 1780 டிசம்பரில் போர் அறிவித்தது. 1781 நவம்பரில் டச்சு நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கையில்.

1782 பிப்ரவரியில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அன்னக்குடியில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் சுமார் 2,000 பேர் படையைத் திப்பு வளைத்துப் பிடித்தார், அவரோடு பிரெஞ்சுப் படையும் நின்றது. ஜூலை 6-ல் நாகைக்கு வெளியே கடற்போர்: ஆங்கில அட்மிரல் ஹியூஸ், பிரெஞ்சு சஃப்ரன். திடீரென்று காற்று திசைமாறி இரண்டு வரிசையும் கலைந்தது, வெற்றி தோல்வி இல்லை. ஆனால் நாகையைத் திரும்பப் பிடிக்கும் சஃப்ரனின் திட்டம் அதோடு போயிற்று. இருவரும் கடைசியாக மோதியது 1783 ஜூன் 20-ல், கடலூருக்கு எதிரே. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலில் வந்து சேர்ந்தது ஜூன் இறுதியில். நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் எழுதிக் கொடுத்தது 1784 மே உடன்படிக்கையில்.

தரங்கம்பாடிக்கு மட்டும் இது நல்ல காலம். டேனிஷ் கொடி நடுநிலைக் கொடி, சரக்கு அந்தக் கொடியின் நிழலில் போனது. அமெரிக்கப் பக்கத்தில் பென்சில்வேனியா ஒரு போர்க்கப்பலுக்கு ‘ஹைதர் அலி’ என்றே பெயரிட்டது. 1782 ஏப்ரலில் அது ஒரு ஆங்கிலக் கப்பலைப் பிடித்தும் காட்டியது. 1781 அக்டோபர் 19-ல் யார்க்டவுனில் சரணடைந்த கார்ன்வாலிஸ் 1786-ல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்ததைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள்.

கேள்வி: ராஜா பக்கம் நின்றவர்கள் என்ன ஆனார்கள்? (வாசகி, மயிலாடுதுறை)

சுமார் 60,000 பேர் நாட்டைவிட்டுப் போனார்கள், நிறையப் பேர் கனடாவுக்கு. நியூ பிரன்ஸ்விக் என்ற தனி மாகாணமே 1784-ல் அவர்களுக்காகப் பிரிக்கப்பட்டது. விட்டுப்போன நிலபுலன்களைப் பல மாநிலங்கள் பறிமுதல் செய்து விற்றன. பெஞ்சமின் பிராங்க்ளினின் மகன் வில்லியம் ராஜா பக்கம். அப்பனும் பிள்ளையும் கடைசிவரை சேரவில்லை.

கேள்வி: வரியே வேண்டாம் என்று பிரிந்தவர்கள் போருக்குப் பணம் எங்கே எடுத்தார்கள்? (வாசகர், பாபநாசம்)

அச்சடித்தார்கள். 1775 ஜூனில் முதல் நோட்டு 20 லட்சம் டாலர். சேர்ந்து சேர்ந்து 20 கோடியைத் தாண்டியது. நோட்டின் மதிப்பு, பின்னால் வரி வசூலித்து அதைத் திரும்ப இழுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. மாநிலங்கள் வசூலித்து அனுப்ப வேண்டும். அவை அனுப்பவில்லை, தங்கள் பங்குக்குத் தாங்களும் அச்சடித்தன. பிரிட்டிஷார் கள்ள நோட்டைப் பரப்பினார்கள். 1780 மார்ச்சில் காங்கிரசே 40 நோட்டு டாலருக்கு 1 வெள்ளி டாலர் என்று ஒப்புக்கொண்டது. சிப்பாய்க்குச் சம்பளமாக வந்தது இந்தத் தாள்தான். பிரெஞ்சுக் கடனும், பின்னால் டச்சுக் கடனும் இல்லாவிட்டால் போர் நடந்திருக்காது.

போர் முடிந்தும் தீரவில்லை. இறக்குமதிக்கு 5 சதவீதத் தீர்வை போட, போர் நடக்கும்போதே 1781-ல் கேட்டிருந்தார்கள். பதின்மூன்று மாநிலமும் சம்மதிக்க வேண்டும். ரோட் ஐலண்டு மறுத்தது, திட்டம் செத்தது. கடனை அடைக்க மாசசூசெட்ஸ் தன் விவசாயிகள் மீது வரியை ஏற்றியது, நிலம் ஜப்திக்குப் போனது, 1786-ல் அவர்கள் நீதிமன்றங்களை மறித்தார்கள். அதை அடக்கக் காங்கிரசிடம் பணமும் இல்லை, படையும் இல்லை.

கேள்வி: பதின்மூன்று மாநிலங்களுக்குள் காவிரி போல ஆற்றுத் தகராறு இருந்ததா? (பல வாசகர்கள்: கல்லணை, நீடாமங்கலம், முத்துப்பேட்டை)

இருந்தது. அரசியல் சட்டம் பிறந்ததே அதன் வழியில்தான்.

பொடோமாக் ஆறு மேரிலாந்துக்கும் வர்ஜினியாவுக்கும் நடுவில் ஓடுகிறது. 1632 ராஜ பட்டயப்படி எதிர்க்கரை வரை ஆறு முழுவதும் மேரிலாந்துக்குச் சொந்தம். ஆனால் அது போய்ச் சேரும் செசபீக் விரிகுடாவின் வாசலில் இருப்பது வர்ஜினியா. ஆறு உன்னது, வாசல் என்னது என்ற நிலை. பாசனத் தண்ணீர்ச் சண்டை அல்ல. கப்பல் சுங்கம், மீன்பிடிப்பு, கலங்கரை விளக்கச் செலவு பற்றியது. 1785 மார்ச்சில் இரண்டு மாநிலத்தாரும் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீட்டில் உட்கார்ந்து 13 ஷரத்து எழுதினார்கள்: ஆறு பொது வழி, மீன்பிடிப்பு இருவருக்கும், விளக்குச் செலவில் பங்கு. காங்கிரசைக் கேட்கவே இல்லை.

இருவர் பேசினால் முடிகிறதே, எல்லோரையும் கூப்பிடுவோம் என்று 1786 செப்டம்பரில் அனாபொலிஸில் கூட்டம் போட்டார்கள். வந்தது ஐந்து மாநிலம், 12 பேர். அந்தச் சிறு கூட்டம்தான் பிலடெல்பியாவில் பெரிய மாநாடு வேண்டும் என்று எழுதி அனுப்பியது. 1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை 55 பேர் கலந்துகொண்டு, 39 பேர் கையெழுத்திட்டார்கள். ரோட் ஐலண்டு எட்டிப் பார்க்கவில்லை. பழைய தவறை நினைவில் வைத்து, எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்பதை விட்டு, ஒன்பது மாநிலம் போதும் என்றார்கள். ஒன்பதாவதாக நியூ ஹாம்ப்ஷயர் 1788 ஜூன் 21-ல் வந்தது. ரோட் ஐலண்டு 1790 மே மாதம்தான், அதுவும் 34-க்கு 32 என்ற கணக்கில். 1776-லிருந்து கூட்டினால் ஒரு நாடாக ஆகப் பதினான்கு ஆண்டு பிடித்திருக்கிறது.

மாநிலத்துக்கு மாநிலம் வழக்கு வந்தால் உச்ச நீதிமன்றமே நேராக விசாரிக்கும் என்று அதில் எழுதினார்கள். 1907-ல் ஆர்கன்சா ஆற்று வழக்கில், மேலே இருப்பவன் கீழே இருப்பவன் இருவருக்கும் நியாயமான பங்கு என்ற கொள்கையை அந்த நீதிமன்றம் வகுத்தது. நம் அரசியல் சட்டம் வேறு வழி போனது: 262-வது பிரிவும் 1956 சட்டமும் நதிநீரைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புகின்றன. காவிரித் தீர்ப்பாயம் 1990-ல் அமைந்தது, இறுதித் தீர்ப்பு 2007-ல். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று திருத்தியது.

ஆறு ஒரு தடவையோடு அடங்குமா என்று கேட்டவருக்கு: வர்ஜினியா பொடோமாக்கில் குடிநீர் எடுக்க மேரிலாந்தின் அனுமதி வேண்டுமா என்ற வழக்கு 2003-ல் தீர்ந்தது, வேண்டாம் என்று. நீதிபதிகள் பிரித்துப் படித்தவற்றில் ஒன்று அந்த 1785 உடன்படிக்கை.

கேள்வி: எல்லோரும் சமம் என்று எழுதியவர்கள் அடிமைகளை வைத்திருந்தது எப்படி? (மாணவர், திருவையாறு)

தெரிந்தேதான். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஜெபர்சன் எழுதிய பத்தியை, தெற்கு கரோலைனாவும் ஜார்ஜியாவும் ஒப்பாததால் காங்கிரஸ் வெட்டியது; ஜெபர்சனே அடிமைகளின் எஜமானர். 1787 அரசியல் சட்டத்தில் பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட ஓர் அடிமை ஐந்தில் மூன்று பங்கு ஆள். அந்த இடங்கள் எஜமானர்களுக்கே போயின. 1808 வரை ஆள் இறக்குமதியைத் தடுக்கக் கூடாது என்றும் ஷரத்து. 1808 ஜனவரி 1-ல் இறக்குமதி நின்றது, உள்நாட்டில் விற்பனை தொடர்ந்தது. சட்டப்படி முடிந்தது 1865-ல், பதின்மூன்றாம் திருத்தத்தில்.